இறுக்கிப் பூட்டிய மேசை

கணபதிப் பகுதியில் தெருவுக்கு ஒரு கேட்டாவது கந்தப்பன் பட்டறையில் செய்ததாக இருக்கும். இரண்டு இரும்பு சேருமிடத்தில் ஒரு தாள் நுழைந்தால் அதைத் தன் வேலை என்று அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். பம்புசெட் கம்பெனியில் ஃபிட்டராக இருந்த காலத்துப் பழக்கம்.

மரத்தை அவர் தொட்டதில்லை. மனைவி சின்னாத்தாளின் முழங்கால் மடங்க மறுக்கும்வரை அதற்குத் தேவையும் வரவில்லை.

கல்யாணமானதிலிருந்து இருவரும் எதிரெதிரே தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். ஆண்கள் உண்டு எழுந்த பிறகே பெண்கள் உண்ணும் வீட்டிலிருந்து வந்தவள், முதலில் கூச்சப்பட்டாள். "அங்க நின்னுட்டு நான் திங்கற உருண்டைய எண்ணாத, உக்காரு அம்மணி" என்று அவர்தான் உட்கார வைத்தார். தொண்ணூற்றைந்து ஐப்பசியில் அவளால் சம்மணம் போட முடியாமல் போயிற்று. அவருக்குப் பரிமாறிவிட்டு, அடுப்பு மேடையில் தட்டை வைத்து நின்றபடியே சாப்பிட்டாள். அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கடைக்குப் போய் மைக்கா ஒட்டிய சாப்பாட்டு மேசைகளைப் பார்த்தார்கள். ஒவ்வொன்றையும் அசைத்துப் பார்த்து, "ஆடுது" என்றார்.

"நீங்க புடிச்சு ஆட்டாம இருந்தா ஆடாதுங்க" என்றாள் அவள்.

மர மில் யூனுஸிடம் பல்லடம் சாலையில் வெட்டிய வாகை மரம் ஒன்று கிடந்தது. ஓரத்தில் பட்டைகூட உரிக்காத தடித்த பலகை. கந்தப்பனுக்கு அந்தக் கோணல் ஓரம் பிடித்துவிட்டது.

"ஈரம் இருக்குதுங்கண்ணா. ஒரு வருசம் கெடக்கட்டும்."

"அதெல்லாம் போல்ட்டுப் போட்டு இறுக்கிட்டா எங்கீங்க பாய் போகப்போகுது?"

இரும்பு ஆங்கிளில் சட்டம் அடித்து, கால் வைத்து, துளைகளை மயிரிழை பிசகாமல் போட்டு, பலகையின் இரண்டு ஓரத்தையும் சட்டத்தோடு பூட்டினார். தைப் பொங்கலுக்கே முடிந்துவிட்டது. ஆனால் ஒரு கால் லேசாகத் தூக்குவதாகத் தோன்ற, அராவினார். பிறகு மற்றொரு கால். மேசை பட்டறையிலேயே நின்றது. சின்னாத்தாள் அடுக்களையில் நின்றாள்.

மாசி வெயிலில் ஒருநாள் பட்டறைக்குள் வெடிச் சத்தம். சிலிண்டர்தான் என்று எல்லாரும் வெளியே ஓடினார்கள். திரும்பி வந்து பார்த்தால், பலகை நடுவில் விரல் நுழையுமளவு பிளந்திருந்தது.

யூனுஸ் வந்து குனிந்து பார்த்துச் சிரித்தார். "மரம் காயறப்ப சுருங்குமுங்கண்ணா. ரெண்டு பக்கமும் நீங்க உடும்பாட்டம் புடிச்சுட்டா நடுவுல பொளக்காம என்ன பண்ணும்? துளைய நீளமா அராவியுடுங்க. மரம் நவுந்துக்கும்."

"வேலையில ஆட்டம் உடச் சொல்றீங்களா?"

"மரத்துக்கு அதாங்க ஃபிட்டிங்."

கந்தப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்குப் போய், இது ஆகாது, வேறு பலகை வாங்கிக் காயவைத்து அடுத்த வருஷம் செய்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் மதியம் பட்டறை வாசலில் ஆட்டோ நின்றது. சோற்றுத் தூக்குப்போசியோடு சின்னாத்தாள் இறங்கி, காலை இழுத்து இழுத்து நடந்து வந்தாள். மேசையைச் சுற்றிப் பார்த்தாள். பட்டை ஓரத்தைத் தடவினாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பிளவுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டும் அந்தப் பக்கம் ஒன்றுமாக வைத்தாள்.

"எந்திரி. அது ஒடஞ்சது."

"ஒடஞ்சா என்னங்க? தட்டு நிக்குதல்ல?"

"புதுசு செஞ்சு தர்றேங்கறேன்."

"இன்னும் ஒரு வருசம் நான் அடுப்போட பேசிட்டே திங்கறதுங்களா?"

வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த பாலுசாமி எழுந்து டீ குடிக்க வெளியே போனான்.

கந்தப்பன் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். கை பழக்கத்தில் மேசையை அசைத்துப் பார்க்கப் போயிற்று. அவள் அந்தக் கையில் ஒரு தட்டுத் தட்டிச் சோற்றைப் போட்டாள். அரிசிம்பருப்புச் சோறு. நான்கைந்து மாதங்களுக்குப் பிறகு அவள் மெல்லுவதைப் பார்த்தபடி சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் போல்ட்டுகளைக் கழற்றி, துளைகளை நீளமாக அராவினார். பிளவுக்கு அடியில் ஓர் இரும்புப் பட்டை வைத்து, அதிலும் நகர இடம் விட்டார். சாயங்காலம் பாலுசாமியும் ஆட்டோக்காரரும் மேசையை வீட்டில் இறக்கினார்கள்.

பிளவை அவர் அடைக்கவில்லை. அடைக்க வேண்டுமென்றால் மேசை மறுபடி பட்டறைக்குப் போகவேண்டும், சின்னாத்தாள் விடவில்லை. பிளவு வழியே ஒழுகாதபடி, ரசத்தை மட்டும் தட்டில் ஊற்றாமல் கிண்ணத்தில் கொடுத்தாள்.