சோதனையில் தேறியது வேறு தோல்

வாசிக்கும் ஐயா, அம்மா, வணக்கம்.

ஆம்பூரில் குழந்தைகளுக்கான காலணிகளை ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான் மேற்பார்வையாளன். உள்தோல் சாயம் விடாது என்று சோதனைக்கூடத்தின் சான்றிதழ் இருந்தால்தான் வெளிநாட்டார் சரக்கை ஏற்பர். சோதனைக்கு அனுப்பும் துண்டை, இருப்பதிலேயே மிகச் சிறந்த தோலிலிருந்து வெட்டுவது எங்கள் வழக்கம். விருந்தினருக்கு நல்ல பாத்திரத்தை எடுப்பது போலவே அதைக் கருதிவந்தோம்.

சென்ற மழைக்காலத்தில் சான்றிதழ் வந்துசேர்ந்தது, பெட்டிகளும் நிரம்பின. அப்போது காலணிகளை அடுக்கும் மேரி தன் ஈரக் கையை என் முன் விரித்தாள்.

"இன்னா சார், கேக்காமயே மருதாணி வெச்சு உட்டுட்டீங்க?"

உள்ளங்கை முழுதும் சிவப்புச் சாயம். முதலாளியிடம் ஓடினேன்.

"அதான் பாஸ்னு எழுதிக் குடுத்துட்டாங்களே. இன்னும் இன்னாய்யா பேஜார்?"

"பாஸானது அந்தத் துண்டு, மொதலாளி. அது எந்த ஷூவுலயும் இல்லியே. கைக்கொழந்த கால தூக்கி வாயில வெச்சிக்குமே."

அவர் சான்றிதழை மடித்து வைத்துவிட்டு, பெட்டிகளைப் பிரிக்கச் சொன்னார். கப்பல் எங்களை விட்டுப் போய்விட்டது. உள்தோலைப் பிய்த்துப் பிய்த்து விரல்கள் மரத்தன.

"இந்த வாய மூடிக்கினு இருந்திருந்தா, வூட்டுக்காவது போயிருப்பேன்" என்று மேரி அலுத்துக்கொண்டாள்.

இப்போது அவள் கண்ணை மூடி எடுத்துத் தரும் காலணியிலிருந்தே துண்டை வெட்டுகிறேன். பாதி சோதனைக்குச் செல்கிறது. தேறியது எந்தத் தோல் என்று யாரும் ஒப்பிட்டுப் பார்க்க, மீதியைச் சான்றிதழுடன் சேர்த்துத் தைக்கிறேன். இத்தொழிலில் உள்ளோர் இக்குறிப்பையும் தங்கள் சான்றிதழ்க் கோப்பில் வைத்திருக்க வேண்டுகிறேன்.