வேலிக்கு எத்தனை சுற்று

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது நிலக்கரிச் சுரங்கம் எங்கள் வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. பெரியவர்கள் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். வடக்குத்து ஊரைத் தாண்டியிருந்த எங்கள் தெருவில் ஆளாளுக்குக் கைபேசியில் சுரங்கத்துக்கு எடுக்கப்போகும் நிலங்களின் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். எனக்கு யாரும் காட்டவில்லை. சரி, நானே அளந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அப்பாவின் சைக்கிள் முன்சக்கரக் கம்பியில் ஓர் அட்டையைச் செருகினேன். ஒரு சுற்றுக்கு ஒரு ‘டக்’. அப்பா காலை வேலை முடித்து வந்து படுத்ததும், குரங்குப் பெடல் போட்டு, எங்கள் வாசலிலிருந்து சுரங்கத்தின் முள்வேலி வரை எண்ணிக்கொண்டே போவேன். முதல் நாள் ஐந்நூற்றுப் பன்னிரண்டு. மறுநாள் பதின்மூன்று, அதற்கடுத்த நாள் பதினைந்து. சுரங்கம் பின்வாங்குகிறது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

நான்காம் நாள் ஐந்நூற்று மூன்று. மறுபடி எண்ணினாலும் அதேதான். அன்று வேலை விட்டு வரும் வழியில் அப்பா கடையில் காற்றடித்தது நினைவுக்கு வந்தது. காற்றிறங்கிய டயர் நசுங்கி, ஒரு சுற்றுக்குச் சற்றுக் குறைந்த தூரம்தான் போகும், அதனால் எண்ணிக்கை கூடும் என்பதெல்லாம் இன்று தெரியும். அன்று தெரிந்தது ஒன்றுதான். காற்றடித்தால் சுரங்கம் கிட்டே வருகிறது.

தினமும் சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் காற்றைப் பிடுங்கிவிட்டேன். விடியற்காலையில் எந்தக் கடை திறந்திருக்கும்? அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வேலைக்கு ஓடினார். பிடுங்கியவன் கை விளங்காமல் போகட்டும் என்று அம்மா தெருவில் நின்று சாபம் விட்டாள். நான் இரண்டு கைகளையும் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டேன். மூன்றாம் நாள், தாமதமாக வந்ததாக அப்பாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொரு தடவை இப்படியானால் வரவே வேண்டாம் என்றார்களாம். எனக்கு அழுகை வெடித்தது, உண்மையும் கூடவே வந்துவிட்டது.

“ஏம் பாப்பா புடுங்குன?”

“காத்தடிச்சா மைன்ஸ் கிட்ட வந்துகினே இருக்குதுப்பா. நம்ம வூடு போயிடும்.”

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்பா அடிக்கவில்லை. சிரிக்கக்கூட இல்லை.

“இப்ப எத்தினி சுத்து?”

“ஐநூத்தி பதினேழு.”

“அப்ப தூரந்தான். பயப்படாத.”

அதன்பின் நான் காற்றைத் தொடவில்லை. ஆனால் தினமும் வேலை விட்டு வந்ததும் அப்பா எண்ணிக்கையைக் கேட்பார். ஐந்நூற்று மூன்று என்று சொன்னாலும், சட்டையைக் கழற்றியபடி, “தூரந்தான்” என்பார். என் முகத்தைப் பார்க்க மாட்டார். என்மேல் இன்னும் கோபம் போகவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் அப்பாவுக்குக் கிடைத்த காண்ட்ராக்ட் வேலை, எங்கள் பக்கம் வரப்போகும் சுரங்கத்துக்காக முந்திரித் தோப்புகளை வெட்டிக் கொடுப்பது.