அண்ணனுக்காக எழுதிய லீவு லெட்டர்

எங்கள் அம்மாவுக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் வார்த்தை லீவு. அதை அவள் பாடாய்ப் படுத்துவாள். வெயில் அடித்தால் "சாரலுக்கு இன்னைக்கு லீவு" என்பாள். ஏகாதசியன்று அடுப்புக்கு லீவு. பசு காலை உதைத்துப் பால் தராவிட்டால், "மகராசி லீவு போட்டுட்டா." வீட்டுக்குத் தூரமான மூன்று நாளும் பெண்டுகளுக்கு லீவு; அதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக் கண்ணைச் சிமிட்டுவாள். எங்கள் ஊரான இலஞ்சியில் பாதிப் பேர் இப்படித்தான் பேசினார்கள். யார் பேசினாலும் அந்த வார்த்தையில் ஒரு பயமும் கிடையாது. கேட்டால் கிடைக்கும், அவ்வளவுதான். அந்த நினைப்பு எங்கள் வீட்டை என்ன பாடு படுத்தப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

எனக்கும் தெரியவில்லை. நான் எட்டாம் கிளாஸ் முடித்தவள். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் லீவு லெட்டர் எழுதிக் கொடுப்பது நான்தான். "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று தொடங்கினால் கை தானாக ஓடும். கல்யாணத்துக்குப் போனாலும் காய்ச்சல், நாற்று நடப் போனாலும் காய்ச்சல். வாத்தியார்களுக்கும் அது தெரியும். ஒருவரும் வந்து எந்தப் பிள்ளையின் நெற்றியையும் தொட்டுப் பார்த்ததில்லை. எனக்கு அதில் பெருமை வேறு. திமிர் என்றே சொல்லிவிடுகிறேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு ஆடி மாதம், பட்டாளத்தில் இருந்த என் அண்ணன் இருபது நாள் லீவில் வந்தான். வடக்கே ஏதோ ஒரு கேம்பில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் உயிரோடு வீடு வந்தால் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அவன் கையால் தீச்சட்டி எடுக்க வைப்பதாக அம்மா நேர்ந்திருந்தாள். தீச்சட்டி எடுப்பவனுக்குக் கொடைக்குப் பதினைந்து நாள் முன்பே மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டிவிடுவார்கள். கட்டிவிட்டால் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அவன் உயிருக்கு ஆகாது. இதை எங்கள் ஊரில் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ரத்தத்திலேயே ஊறிய பயம்.

கணக்குப் பார்த்தால், காப்புக் கட்டிய ஆறாம் நாளே அண்ணனின் லீவு முடிகிறது. கொடைக்கு இன்னும் ஒன்பது நாள்.

"அம்மா, இது சரிவராது. சனிக்கிழமை நான் ரயில் ஏறணும்" என்றான் அண்ணன்.

"ஒரு லீவு லெட்டர் போட்டா ஆச்சு. உன் தங்கச்சி எழுத மாட்டாளா?" என்றாள் அம்மா.

"பட்டாளம்னா பள்ளிக்கூடம்னு நினைச்சியா?" என்று சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு முழுதாய் வரவில்லை. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவன் பூசாரிக்கு முன்னால் கையை நீட்டிவிட்டான்.

அன்றே நான் எழுதினேன். அதே காய்ச்சல். பிள்ளைகளுக்கு இரண்டு நாள் என்று எழுதுகிற இடத்தில் பத்து நாள் என்று எழுதினேன். அண்ணன் கையெழுத்துப் போடும்போது, "ஏட்டி, வேற காரணம் உனக்குக் கிடைக்கலையா?" என்று கேட்டான். "உனக்கு என்னண்ணே தெரியும், இதுதான் வழக்கம்" என்றேன். இப்போது நினைத்தாலும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

சனிக்கிழமை வந்தது, போனது. அண்ணன் தினமும் காலையில் பட்டாளத்து பூட்ஸை எடுத்துத் துடைத்து, திரும்ப அதே மூலையில் வைத்தான். அந்த வருஷம் சாரல் விடவே இல்லை. தென்காசிப் பாதையில் மாட்டுவண்டிச் சத்தம் கேட்டால்கூட எல்லோரும் ஒரு நிமிஷம் கையை நிறுத்தினோம். ஏன் நிறுத்தினோம் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அம்மா மட்டும், "பதில் வரலைன்னா குடுத்துட்டான்னுதான் அர்த்தம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

காப்புக் கட்டிய பதின்மூன்றாம் நாள் ஒரு போலீஸ் ஏட்டையா வந்தார். தொப்பி நனைந்து சொட்டியது. அண்ணன் முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தான்.

"இங்கன காய்ச்சல்ல கிடக்கிற பட்டாளத்துக்காரன் யாரு?" என்றார்.

அண்ணன் கோடாலியைக் கீழே வைத்தான். கேம்பிலிருந்து தென்காசி ஸ்டேஷனுக்குத் தந்தி வந்திருக்கிறது: காய்ச்சல் என்று லெட்டர் வந்தது, நிஜமா என்று பார், பொய்யானால் பிடித்து அனுப்பு. அண்ணன் இரண்டு கையையும் நீட்டினான். ஏட்டையா மணிக்கட்டைப் பார்த்ததும் சட்டென்று பின்வாங்கினார்.

"காப்புல்லா கட்டியிருக்கு! அடப்பாவி, இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

அவரும் எங்கள் பக்கத்து மனுஷர்தானே. காப்போடு ஒருத்தனை எல்லை தாண்டி இழுத்துப் போய் அந்தப் பாவத்தைச் சுமக்க அவர் தயாராக இல்லை. கொடை முடியும்வரை இரண்டு நாள் எங்கள் மாட்டுத்தொழுவத்து வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். நான்தான் அவருக்குச் சோறு போட்டேன். அண்ணன் வாய்க்காலுக்குப் போனால் அவரும் எழுந்து பின்னால் போவார். ரெண்டு பேரும் ஊர்க்கதை பேசிச் சிரித்துக்கொண்டு வருவதைப் பார்க்கும்போதுதான் எனக்கு இன்னும் அதிகமாய்ப் பயம் வந்தது.

அப்பா அவர் முன்னால் கைகூப்பி நின்றார். "அண்ணாச்சி, காய்ச்சல் இருந்துதுன்னு ஒரு வரி எழுதிருங்களேன்."

"காப்புக்காக ரெண்டு நாள் பொறுத்துக்கிட்டேன். அதுக்கு மேலதிகாரிகிட்ட ஏச்சு வாங்கிக்குவேன். பொய் எழுத மாட்டேன்" என்றார் அவர்.

கொடையன்று அண்ணன் தீச்சட்டி எடுத்தான். மழையிலும் நெருப்பு அணையவில்லை. அம்மா குலவை போட்டுக் குலவை போட்டு ஆனந்தத்தில் அழுதாள். மறுநாள் காலை கோயிலில் காப்பை அவிழ்த்தார்கள். அண்ணன் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஏட்டையாவோடு நடந்தான். போகும்போது என் தலையில் குட்டி, "லெட்டர்ல ஒரு ஸ்பெல்லிங்கும் தப்பில்லட்டி" என்றான். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து அண்ணனிடமிருந்து கடுதாசி வந்தது. பிந்தி வந்ததைக்கூட ஆபீசர் மன்னித்திருப்பாராம். பொய் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை என்றாராம். இருபத்தெட்டு நாள் சிறை. அதற்குப் பிறகு பழைய கம்பெனியில் சேர்க்காமல் பர்மா எல்லைக்குப் போகிற வேறு கம்பெனியில் தள்ளிவிட்டார்கள். அவனோடு லாரி ஓட்டிய கூட்டாளிகள் அதே கேம்பில்தான் இருந்தார்கள். யுத்தம் முடியும்வரை ஒரு குண்டுச் சத்தம் கேட்காமல் இருந்தார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அடுத்த சாரலுக்கு முன்பே பட்டாளத்திலிருந்து பழுப்பு உறை வந்தது. வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அண்ணனைக் காணவில்லை, இறந்துவிட்டதாக நம்பப்படுகிறது என்று நாலே வரியில் இருந்தது. அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள். அவள் முகத்தில் அவ்வளவு ஆசை.

"என்னட்டி போட்டிருக்கு? லீவு குடுத்துட்டானா?"

"இல்லம்மா. இன்னும் குடுக்கல" என்றேன்.

அன்று சாயங்காலம் வயலுக்குப் போய் அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்தபோது அவரும் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

யுத்தம் முடிந்துவிட்டது என்று ஊரே சொன்னபோதும் அவள் என்னைத்தான் கேட்டாள். லாரி ஓட்ட ஆள் இல்லையாம், விட மாட்டேன் என்கிறார்களாம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நம்பினாள். சீசனுக்குக் குற்றாலம் போகிற துரைமார் கார்கள் எங்கள் ஊர்ப்பாதையில் வரும்போது தெருவில் இறங்கி நின்று ஏசுவாள். "நீங்க மட்டும் லீவு போட்டு வந்து குளிக்கிய! என் புள்ளைக்கு ஒரு நாலு நாள் லீவு குடுத்தா உங்க குடி முழுகிப் போகுமா? நாசமாப் போவானுவ!" கார்கள் நிற்காமல் போய்விடும். நான் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வருவேன். அவளுக்கு மூச்சு வாங்கும். அந்த ஏச்செல்லாம் எனக்குச் சேர வேண்டியது. அதை அவள் சாகும்வரை நான் அவளிடம் சொல்லவில்லை.