ஜன்னல் இல்லாத அறையில் ஒரு தொட்டில்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்லின் கன்னத்தைத் தொட்டேன். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கல்லுக்கு ஏது கன்னம் என்கிறீர்களா? பொறுங்கள்... முதலிலிருந்து சொல்கிறேன்.

நாங்கள் குடியிருப்பது மராட்டி ஊரான வானவடியில். எங்கள் எதிர்வீட்டுக்காரி வசந்தா. வேலூர்ப் பக்கத்துப் பெண். புருஷன் ராணுவத்தில் சுபேதார். அப்போது காஷ்மீரில் டியூட்டி. முதல் குழந்தை பிறந்த சில நாளிலேயே போய்விட்டது. போன வருஷம் மழைக்காலத்தில் மறுபடி ஏழு மாதம். "ரஞ்சன்காவ் புள்ளையாரைப் பார்த்துட்டு வந்தா மனசு கொஞ்சம் நிம்மதியா இருக்கும்க்கா" என்றாள். என் வீட்டுக்காரர் மாருதியை எடுத்தார்.

தரிசனம் நன்றாகவே ஆயிற்று. திரும்பும் வழியில்தான் வசந்தாவுக்கு அவசரம். நகர் ரோடு என்கிற அந்த நெடுஞ்சாலையில் கர்ப்பிணிக்கு ஒரு சுத்தமான பாத்ரூம் கிடைக்குமா? கிராம வாழ்க்கை மியூசியம் என்று ஒரு போர்டு தெரிந்தது. பழைய மராட்டி வாடா... நடுவில் முற்றம் வைத்த பெரிய மரவீடு. பாத்ரூமுக்காகத்தான் டிக்கெட் வாங்கினோம். வாங்கிய பிறகு சும்மா வர மனசு வருமா?

ஏர், மாடு கட்டிக் கிணற்றில் கவலை இறைக்கும் தோல்பை, தானியக் குதிர். அறைக்கு அறை ஃபைபர் பொம்மைகள். ஒருத்தி மாவு திரிக்கிறாள், ஒருத்தன் மாட்டைக் கட்டுகிறான். கண் மட்டும் நிஜம் மாதிரி கண்ணாடிக் கண். எனக்குப் பிடிக்கவில்லை. நாம் தாண்டியதும் அவை முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிற மாதிரியே இருந்தது.

கடைசி அறை, பிள்ளை பெற்றவளின் அறை. ஜன்னல் கிடையாது. பச்சை உடம்புக்குக் காற்று ஆகாது என்று அந்தக் காலத்தில் அப்படித்தான் வைப்பார்களாம். கட்டிலில் ஒரு பொம்மை, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. கட்டிலுக்கு அடியில் கரியடுப்பு. பக்கத்தில் சங்கிலியில் தொங்கும் மரத்தொட்டில்.

தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

வேகமாக இல்லை. தூங்குகிற குழந்தைக்கு ஆட்டுவோமே, அப்படி.

"அக்கா... யாருக்கா ஆட்டிகினு கீறாங்க?" வசந்தா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது.

"காத்தா இருக்கும்" என்றார் இவர். இவருக்கு எல்லாமே காற்றுதான். கதவு அடித்தால் காற்று, எனக்கு நெஞ்சு வலித்தாலும் காற்று.

"ஜன்னலே இல்லியே சார்!" வசந்தா வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். "வெறுந்தொட்டிலு ஆடக் கூடாதுக்கா. எம்புள்ளைக்கு ஆகாது. நிறுத்துங்கக்கா!"

நிறுத்தினேன். கையை எடுத்ததும் மறுபடி ஆடியது. இவளுக்கு இங்கேயே ஏதாவது ஆகிவிட்டால் அவள் புருஷனுக்கு என்ன பதில் சொல்வேன்?

அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நம் வீடுகளில் தொட்டில் போடும்போது முதலில் எதை வைப்போம்? குழவிக்கல்லை! அதைக் குழந்தையாகப் பாவித்து நாலு ஆட்டு ஆட்டிவிட்டுத்தானே நிஜக் குழந்தையைப் போடுவோம்! பக்கத்துச் சமையலறையில் அம்மிமேல் குழவி கிடந்தது. 'தொடாதீர்கள்' என்று அட்டை வேறு. தூக்கினேன், தொட்டிலில் வைத்தேன்.

தொட்டில் நின்றுவிட்டது.

திரும்பினால் வாசலில் காவல்கார அம்மா சாந்தாபாய். திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். அவள் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஹமாரே மே பீ ஐசா ஹி கர்தே ஹை" என்றாள். அவர்கள் வழக்கமும் அதுதானாம். அந்தத் தொட்டிலும் கட்டிலும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை, அதில் எந்தக் குழந்தையும் படுத்ததில்லை என்று கேள்வி என்றும் சொன்னாள். கல்லை எடு என்று அவள் சொல்லவே இல்லை.

வசந்தாவுக்குப் பெண் குழந்தை. ராணுவ ஆஸ்பத்திரியில் அது அழுத அழுகை வராந்தா முழுக்கக் கேட்டது. நானும் கூடவே அழுதேன்.

போன ஞாயிறு பிள்ளையாருக்கு நன்றி சொல்லிவிட்டு, மியூசியத்துக்கும் போனோம். கல்லை அதன் இடத்தில் வைத்துவிடலாம் என்று எனக்கு ஒரு எண்ணம். வசந்தா அந்த அறை வாசலைத் தாண்டவில்லை. குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு வெளியிலேயே நின்றாள்.

கல் தொட்டிலில்தான் இருந்தது. அதற்கு வெள்ளைத் துணி சுற்றியிருந்தது, பச்சைக் குழந்தைக்குச் சுற்றுவதுபோல. கன்னம் இருக்கவேண்டிய பக்கத்தில் திருஷ்டிப் பொட்டு.

"நீங்க பண்ணதா?" என்று சாந்தாபாயிடம் ஹிந்தியில் கேட்டேன்.

அவள் முகம் வெளுத்தது. "மை நஹி! ஆப் லோக் பீச் மே ஆயே தே நா?"

அவள் பண்ணவில்லையாம். நடுவில் நாங்கள் வந்து பண்ணிவிட்டுப் போனதாக நினைத்திருக்கிறாள். நாங்கள் வரவேயில்லை.

மெல்லப் பொட்டைத் தொட்டேன். மை விரலில் ஒட்டியது. காயவில்லை. கட்டில் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"கல்லை எடுக்காதீங்கக்கா" என்றாள் வசந்தா வாசலிலிருந்தே. "கட்டில்ல கீறவளுக்கும் ஒண்ணு இருக்கட்டும்."

ஒன்றைப் பறிகொடுத்தவளுக்குத்தானே இன்னொருத்தியின் வெறுந்தொட்டில் புரியும்? நான் கல்லை அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

காரில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இவர், "காத்தா இருக்கும்" என்று ஆரம்பித்தார். நான் மை ஒட்டிய விரலை ஸ்டியரிங்குக்கு மேலே நீட்டினேன்.

மனுஷர் கார் ஜன்னல் கண்ணாடியை முழுக்க ஏற்றி மூடினார்.