ஊரிகத்துக் கொக்கு

காலை எட்டு மணிக்குப் பௌரிங்பேட்டையில் கிளை வண்டி ஏறினேன். கோலார் தங்கச் சுரங்கத்து ஊரிகம் அங்கிருந்து ஏழெட்டு மைல்தான். எனக்கு அது காசி தூரமாக இருந்தது. காலடியில் இரண்டு பெட்டி நிறையச் சாக்லெட் பொடி டப்பாக்கள். டப்பா ஐந்தணா. விற்காவிட்டால் திரும்பி வரவே வேண்டாம் என்று சென்னப்பட்டணத்து முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார்.

பொடியில் குறையில்லை. புதுச்சேரியில் ஓர் அப்பனும் பிள்ளைகளுமாக முப்பது வருஷம் அரைத்த சரக்கு. டப்பாவின் மேல் வெள்ளைக் கொக்கு ஒன்று நிற்கும். அப்பன் போனதும் பிள்ளைகள் தொழிலை என் முதலாளிக்கு விற்றார்கள். அவர் ஆட்களையும் அரைக்கும் கல்லையும் அப்படியே வைத்துக்கொண்டு, கொக்கை எடுத்துவிட்டுக் கிரீடத்தைப் போட்டார். யார் கேட்டார்கள்?

ஒன்பது மணிக்கு ஊரிகம். பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஆரோக்கியசாமி, பெட்டியைப் பார்த்ததுமே கையை விரித்தார்.

"போன மாசம் வெச்ச கிரீடம் ஒண்ணுகூட போகல ஐயா. இந்தம்மாவையே கேளுங்க."

உப்பு வாங்க வந்திருந்த ரோசம்மாவைக் காட்டினார். அவள் கணவர், கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்கிறவர். அதே பொடிதான் என்று அவளிடம் சத்தியம் செய்தேன்.

"பொடிய யாரு சொன்னது? எங்க வூட்டுக்காரரு அந்தக் கொக்கு போட்ட காலி டப்பாலதான் வெத்தல எடுத்துக்குனு கேஜ்ல இறங்குறாரு. கொக்கு கீழ இறங்குனாலும் மேல பறந்து வந்துடும். கிரீடத்துக்கு இன்னா, றெக்க கீதா?"

கடைப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். இதை முதலாளிக்கு எப்படி எழுதுவது? என் முகம் அவளை என்னவோ செய்திருக்க வேண்டும்.

"பொழப்பு போயிடுமா?"

"போய்விடும் அம்மா."

"அப்போ கிரீடம் இங்கியே கெடக்கட்டும். நாங்க கொக்க எடுத்தாறோம். அதுல கொட்டிக் குடுங்க, வாங்கிக்கிறோம்."

நாலு மணிக்குள், சுரங்கத் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள். நசுங்கிய கொக்கு, அலகு தேய்ந்த கொக்கு, ஒற்றைக்கால் கொக்கு. கிரீடங்களைத் திறந்து திறந்து கொக்குகளை நிரப்பினோம். பெட்டி இரண்டும் காலி. அத்தனை பேருக்கும் கும்பிடு போட வேண்டும் போலிருந்தது, போட்டேன். சிரித்தார்கள்.

ஐந்தரை வண்டிக்கு நான் கிளம்பும்போது ரோசம்மா ஒரு காலிக் கொக்கு டப்பாவை என் கையில் வைத்தாள்.

"வூட்ல இன்னும் கீது. ஊர் ஊரா போற மன்சன், வெச்சிக்குங்க. பத்திரமா போய்ச் சேருங்க."

என் முதலாளி விலை கொடுத்து வாங்கி வேண்டாமென்று ஒதுக்கிய கொக்கு, எனக்கு இனாமாக வந்தது. எந்த ஊருக்குப் போனாலும் என் வெற்றிலை அதில்தான். இன்றுவரை வீடு வந்து சேர்ந்துகொண்டிருக்கிறேன்.