அண்ணி வளர்த்த கிருமி

தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் நான் நுண்ணுயிரியல் பாடம் நடத்துகிறேன். அது என்ன பாடம் என்று என் கணவர் வீட்டாருக்கு விளக்குவதைக் கைவிட்டுப் பல வருடங்களாகின்றன. அவர்களுக்கு நான் 'கிருமி டீச்சர்'. கல்யாணம், காதுகுத்து என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் பந்தியிலேயே நாக்கை நீட்டி, "இது என்னான்னு பாரும்மா" என்று கேட்பார்கள். நான் அப்பளத்தைக் கடித்துக்கொண்டே பார்ப்பேன்.

இந்த வேலைக்கு அந்த வீட்டில் கொஞ்சமாவது மரியாதை வைத்திருந்தவர் என் கணவரின் அக்கா. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். வலங்கைமானுக்குப் பக்கத்தில், வயலை ஒட்டி மேடாக இருக்கும் இடத்தில் அவர் கறிக்கோழிக் கொட்டகை வைத்திருக்கிறார். குஞ்சும் தீனியும் கம்பெனி கொண்டுவந்து இறக்கும். வளர்த்துப் பெரிதாக்கிக் கொடுத்தால் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். அண்ணி அந்தக் கோழிகளைத் தன் வயிற்றில் பிறந்தவை போலத்தான் வளர்த்தார். அதுதான் பிரச்சினையே.

ஒரு கோழி தும்மினால் போதும், மருந்துக் கடையில் வாங்கிவந்த மஞ்சள் நிற மருந்தைத் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றிவிடுவார். கடையில் யார் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஒரு கோழியும் தும்மாத நாட்களிலும் ஊற்றுவார்.

"எதுக்கு அண்ணி இப்ப?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"தும்மாம இருக்கறதுக்குத்தான்" என்றார்.

பண்ணைக் கோழிகளின் குடலில் இருக்கும் கிருமிகள் எந்தெந்த மருந்துக்குச் சாகின்றன, எதற்குச் சாகவில்லை என்று பார்க்கும் சின்ன ஆராய்ச்சி ஒன்றை நான் எடுத்திருந்தேன். சுற்றுவட்டாரத்தில் எந்தப் பண்ணையிலும் என்னை உள்ளே விடவில்லை. வெளியாள் வந்தால் நோய் வரும் என்றார்கள். அது நியாயம்தான் என்பதால் எனக்குச் சண்டை போடவும் வழியில்லை. கடைசியில் அண்ணியிடம் போய் நின்றேன்.

"தாராளமா பாரு" என்றார். "ஆனா நல்லாருக்குன்னுதான் எழுதணும்."

காலில் உறை, வாயில் முகமூடி, கையில் பஞ்சு சுற்றிய நீளக் குச்சிகளோடு கொட்டகைக்குள் போனேன். அண்ணி ஒரு கோழியைப் பிடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"குச்சிய எங்க விடணும்? வாயிலயா?"

"இல்ல அண்ணி."

"பின்ன?"

எங்கே என்று சொன்னேன். அண்ணி என் முகத்தைப் பார்த்தார், குச்சியைப் பார்த்தார், கோழியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அப்படியே தீனி மூட்டை மேல் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கோழியும் சேர்ந்து குலுங்கியது. "இதுக்கா எங்கப்பா தேடிப்போய் படிச்ச பொண்ணா எடுத்தாரு!" என்று மூச்சு வாங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்த பிறகு, ஒவ்வொரு கோழியையும் பிடித்து, "பயப்படாதடி, நம்ம டீச்சர்தான், வலிக்காது" என்று தேற்றித் தேற்றித்தான் என்னிடம் காட்டினார். ஒரு கோழி குச்சிக்குக் காத்திருக்காமல் நேராக என் மூக்குக்கண்ணாடி மேலேயே சாம்பிளைக் கொடுத்துவிட்டது. "பாரு, கேக்காமயே குடுத்துட்டா. நல்ல கொணம்" என்றார் அண்ணி.

சாம்பிள்களை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு தஞ்சாவூர் பஸ் ஏறினேன். பெட்டியை மடியில் வைத்திருந்ததைப் பார்த்துப் பக்கத்து சீட்டு அம்மாள், "மீனா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "ஐஸ்கிரீமா?" அதுவும் இல்லை என்றேன். அவர் விடுவதாக இல்லை. "சாம்பிள்ங்க" என்றேன். "என்னா சாம்பிள்?" "கோழி சாம்பிள்." அங்கேதான் தப்பு செய்தேன். புதிதாக வரும் மசாலாக் கம்பெனிக்காரி, ருசி பார்க்கக் கோழி வறுவல் கொண்டு போகிறாள் என்று அவர் முடிவு செய்துகொண்டார். "ஒரு துண்டு குடுத்தா காரம் எப்டின்னு சொல்லிருவேன்" என்றார். முன் சீட்டில் இருந்தவரும் திரும்பினார். கண்டக்டர்கூட நின்றார். உள்ளே இருப்பது என்ன என்று நான் உண்மையைச் சொன்னதும், அந்தக் கூட்டத்திலும் என்னைச் சுற்றி இடம் கிடைத்தது. கல்லூரி நிறுத்தம் வரை காலை நீட்டி உட்கார்ந்து போனேன்.

ஆய்வுக்கூடத்தில் வேலை எளிதுதான். கடற்பாசியில் காய்ச்சி உறையவைத்த கூழைத் தட்டில் ஊற்றி, அதன் மேல் கிருமியைப் பரவலாகத் தடவி, மருந்து ஊறிய சின்னச் சின்னக் காகித வில்லைகளை வைத்துவிட்டு வர வேண்டும். மறுநாள் பார்த்தால், மருந்து கேட்கும் இடத்தில் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து, நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டியது போலத் தெளிவாக ஒரு வட்டம் விழுந்திருக்கும். அண்ணியின் கோழிக் கிருமிகளை வைத்த தட்டுகளில் வட்டமே இல்லை. வரப்பு எது வயல் எது என்று தெரியாமல் கோரை மண்டியது போல, வில்லையின் விளிம்பு வரைக்கும் கிருமி வளர்ந்திருந்தது. ஏதோ ஒரு மருந்தைச் சுற்றி மட்டும் மெல்லிய வளையம் தெரிந்தது.

தட்டைப் படம் எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஊருக்குப் போனேன். வேறொரு தட்டின் படத்தையும் பக்கத்தில் வைத்து, வட்டம் விழுந்தால் மருந்து ஜெயித்தது, வட்டம் இல்லாவிட்டால் கிருமி ஜெயித்தது என்று அண்ணிக்குப் பொறுமையாக விளக்கினேன்.

அண்ணி ஃபோனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அப்ப நம்ம கிருமி எல்லா மருந்தையும் ஜெயிச்சுருச்சா?"

"கிட்டத்தட்ட எல்லாத்தையும்."

"காலேஜ் மருந்தையா?"

"ஆமா, ஆனா அண்ணி, அது வந்து..."

அதற்குள் அண்ணி வாசலுக்குப் போய்விட்டார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு கோழிக் கொட்டகை இருக்கிறது. அதன் சொந்தக்காரருக்கும் அண்ணிக்கும், யார் கோழி எடை அதிகம் என்று எப்போதும் ஒரு போட்டி. அண்ணி இந்தக் கரையில் நின்று கத்தினார்: "தஞ்சாவூர் காலேஜ்ல டெஸ்ட் பண்ணிட்டாங்க! எங்க கோழில இருக்கற கிருமிய எந்த மருந்தாலயும் அசைக்க முடியலயாம்! தம்பி பொண்டாட்டியே அசந்து போய் நிக்குது!"

நான் அசந்துபோய் நின்றது மட்டும் உண்மை.

அந்தப் பண்ணைக்காரர் காதில் ஃபோனை வைத்தபடியே பாலத்தைத் தாண்டி வந்தார். அவரை ஃபோன் இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. யாரிடமோ, "இருப்பா, கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு, "எங்க கோழியயும் டெஸ்ட் எடுங்க டீச்சரம்மா. அவங்க கிருமி மட்டுந்தான் ஒசத்தியா?" என்றார். எனக்கு இன்னொரு பண்ணை கிடைத்தது. ஆராய்ச்சியாளர் புத்தி சும்மா இருக்குமா? விளக்கம் சொல்வதைத் தள்ளிவைத்துவிட்டு, அன்றைக்கே அங்கேயும் குச்சியோடு போனேன்.

அவர் தட்டுகளில் வட்டம் வட்டமாக விழுந்தது. ஒன்றிரண்டு மருந்துகள்தான் கேட்கவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் கிருமி செத்துக் கிடந்தது. பூரித்துப்போய் அவரிடம் படத்தைக் காட்டினேன்.

அவர் முகம் தொங்கிவிட்டது. "எல்லாம் செத்துப்போச்சா?"

"ஆமாண்ணே. ரொம்ப நல்ல விஷயம்."

"ஒண்ணுகூடவா தாங்கல?"

"தாங்கக் கூடாதுண்ணே. செத்தாதான் நல்லது."

"அவங்க கிருமி மட்டும் நிக்கிதே." அவர் படத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "தீனில ஏதாவது சத்துக் கொறைவா இருக்குமோ?"

கிருமி வேறு, கோழி வேறு. கிருமி பலவீனமாக இருந்தால் நமக்கு லாபம் என்று வெயில் தாழும் வரை சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டினார், நம்பவில்லை. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் அண்ணி தலை நிமிர்ந்து நடந்தார். டீக்கடையில் அவர் வீட்டுக்காரரைப் பார்த்து, "உங்க வீட்டுக் கிருமி பயங்கரமாமே" என்று மரியாதையோடு விசாரித்தார்கள்.

அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரரின் கோழிகளில் மட்டும் கிருமி எப்படிச் சாகிறது என்று எனக்குப் புரியவில்லை. கேட்டபோது பரணைக் காட்டினார். வாங்கிய மருந்து பாட்டில்கள் மூடிகூடத் திறக்காமல் அங்கே நின்றன. "ஊத்தணும்னுதான் நெனைப்பேன். ஃபோன் வந்துரும், மறந்துருவேன்" என்றார். இன்னொன்றையும் நானே பார்த்தேன். பேச ஆரம்பித்தால் அவரால் ஒரு இடத்தில் நிற்க முடியாது. கொட்டகைக்குள் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்து, கீழே பரப்பியிருக்கும் உமியைக் காலால் எத்திக்கொண்டே பேசுவார். நாள் முழுக்கக் கிளறிய உமி ஈரமில்லாமல் கிடந்தது. ஈரம் இல்லாததால் கோழிக்குச் சீக்கும் குறைவு. அவர் ஃபோனில் பேசிய பேச்சுக்கெல்லாம் இப்படி ஒரு பலன் இருந்தது.

அண்ணியின் பெருமை, லாரிக்குக் கோழி பிடித்துக் கொடுத்த அன்று முடிந்தது. ஒரு சேவல் அவர் வலது ஆட்காட்டி விரலைக் கீறிவிட்டது. சின்னக் கீறல்தான். அதைக் கழுவாமல் விட்டார், வீங்கியது. வீட்டில் எப்போதோ மிச்சமிருந்த மாத்திரையைப் போட்டார், கேட்கவில்லை. அதன் பிறகு செய்ததை எங்களிடம் சொல்லவே இல்லை. விரல் வாழைப்பூ மாதிரி ஆன பிறகுதான் தஞ்சாவூருக்கு வந்தார். நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

டாக்டரம்மா விரலைத் திருப்பிப் பார்த்தார். "மஞ்சள் பத்து போட்டீங்களாம்மா?"

"இல்லிங்க."

"பின்ன ஏன் இப்படி மஞ்சளா இருக்கு?"

அண்ணி என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "கோழி மருந்துங்க. ரெண்டு நாளா அதுல முக்கி வச்சேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "கோழி மருந்தயா? ஏம்மா?"

"கோழிக்குக் கேக்குதுங்களே."

சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளில் அநேகமாக எதுவும் கேட்காது என்று முடிவு வந்தது. படுக்கையில் சேர்த்து, நரம்பில் ஊசி போட ஆரம்பித்தார்கள். அந்தக் கிருமி கோழியிடமிருந்துதான் வந்தது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. விரலில் சேர வேறு நூறு வழிகள் உண்டு. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் வசதியும் இல்லை. அண்ணிக்கு அந்தச் சந்தேகமே எழவில்லை.

"இது அதுதான?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தெரியல அண்ணி. இருக்கலாம்."

"காலேஜ் மருந்துக்கு அடங்காதது எனக்கா அடங்கும்?" என்றார். "விரலு போயிருமா?" அவர் குரல் அப்படிச் சிறுத்து நான் கேட்டதில்லை. அதுவரை எனக்குள் அடக்கிவைத்திருந்த சிரிப்பெல்லாம் எங்கோ போய்விட்டது. அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விரல் போகவில்லை. ஊசி கேட்டது. பெரிய கட்டோடு வீடு திரும்பினார். விரலை மடக்கக் கூடாது, தாழ்த்தக் கூடாது என்று சொல்லியிருந்ததால், போகிற இடமெல்லாம் அந்த ஒற்றை விரல் வானத்தைக் காட்டிக்கொண்டே இருந்தது. பஸ்ஸில் அண்ணி என்னையும் சேர்த்து இரண்டு டிக்கெட் கேட்டார். கண்டக்டர் விரலைப் பார்த்து ஒன்றுதான் கிழித்தார். தெருவில் ஏதோ பெரிய விஷயம் சொல்ல வருகிறார் என்று நினைத்து எதிரே வந்தவர்கள் நின்றார்கள். நின்றவர்களுக்கு அண்ணி நிஜமாகவே சொல்லவும் ஆரம்பித்தார். மருந்தைக் கண்டபடி ஊற்றினால் கோழிக்குள் இருக்கும் லேசான கிருமி செத்துப்போய் முரட்டுக் கிருமி மட்டும் மிஞ்சும், அது பெருகும், பிறகு நமக்கு ஆத்திர அவசரத்துக்கு மருந்து இருக்காது. இத்தனை வருடம் வகுப்பில் நான் நடத்தியதைவிட அது தெளிவாக இருந்தது. விரலும் கூடவே ஆடியது.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக்காரரிடமும் போய், "உங்க கிருமிதான் நல்ல கிருமி" என்றார். அவருக்கு அப்போதுதான் மனசு ஆறியது.

அடுத்து இறக்கிய குஞ்சுகளுக்கு, கால்நடை டாக்டர் பார்த்துச் சொன்னால் ஒழிய மருந்து இல்லை என்று அண்ணி முடிவெடுத்தார். ஒவ்வொரு தும்மலுக்கும் எனக்கு ஃபோன் வந்தது. பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது, "தும்முது, கேக்குதா?" என்று கோழியின் பக்கத்தில் ஃபோனைப் பிடிப்பார். சில குஞ்சுகள் செத்தன; அதற்காக அழுதார்; என்னைத் திட்டினார். ஆனாலும் மஞ்சள் பாட்டிலைத் தொடவில்லை. உமியைக் கிளறக் கூலிக்கு ஆள் வைத்தார். மறுபடி சாம்பிள் எடுத்துப் பார்த்தேன். முன்பைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். கிருமி ஒருமுறை கற்றுக்கொண்டதை அவ்வளவு சீக்கிரம் மறக்காது என்று சொன்னேன். "அதுக்கும் ரோஷம் இருக்கும்ல" என்றார்.

சென்ற தை மாதம் குடும்பத்தில் ஒரு காதுகுத்து. அண்ணி நேராகச் சமையல்கட்டுக்குப் போனார். பச்சைக்கோழி வெட்டிய கட்டையிலேயே வெங்காயம் நறுக்கக் கூடாது, கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், கறி நன்றாக வேக வேண்டும் என்று சமையல்காரரிடம் சொன்னார். "முப்பது வருசமா கரண்டி புடிக்கறேன்" என்று அவர் கரண்டியைக் கீழே வைத்தார். அண்ணி அசையவில்லை. வேறு கட்டை தேடி ஆள் வலங்கைமானுக்குப் போனது. கறி வெந்துவிட்டதா என்று ஒவ்வொரு துண்டாக அண்ணி அழுத்திப் பார்த்தார். பந்தி போடும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. பசியில் எல்லோரும் என்னைத்தான் முறைத்தார்கள். காது குத்திய குழந்தை அழுது ஓய்ந்து தூங்கியே போயிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். கறி பஞ்சாக வெந்திருந்தது.