வேண்டாம் என்று நினைப்பவள்

பதினோரு வருடம் அவள் பாட்டில் பார்த்தாள். ஓடும் பட்டையில் வரும் காலி பாட்டில்களில் கீறல் விழுந்ததைப் பொறுக்கி எடுக்கிற வேலை. கண் அசந்தால் போச்சு. அந்த ஆலையை இழுத்து மூடியபோது, அடுத்த தெருவிலிருந்த ஆயுதத் தொழிற்சாலை ஆள் தேடியது. நாற்பது பேரை உட்காரவைத்துத் தலையில் மூளையைப் படிக்கும் தொப்பி மாட்டிப் பார்த்தார்கள். மற்றவர்கள் மனம் அடுப்பு, பிள்ளை, முட்டிவலி என்று தாவிக்கொண்டிருந்தது. இவளுடையது வைத்த இடத்தில் இருந்தது. எடுத்துக்கொண்டார்கள்.

கணவர் பேருந்து ஓட்டுநர். "சும்மா உக்காந்து யோசிக்கிறது ஒரு வேலையா? உங்க வீட்ல எல்லாரும் இதைத்தானே இத்தனை நாளா பண்ணிட்டிருந்தாங்க" என்றார்.

"உங்க வீட்ல அதுகூட இல்லியே" என்றாள் அவள்.

அங்கே செய்கிற பொருளுக்குக் காகிதத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு. வேலை செய்கிறவர்களுக்கு அது கொக்கு. மூன்று கால், நீண்ட கழுத்து, கழுத்தின் நுனியில் குழல். தொப்பி போட்டவரின் கவனம் போகும் பக்கம் கழுத்து திரும்பும். எதிரில் ஆள் போல ஏதாவது தென்பட்டால் சிவப்பு விளக்கு எரியும். மூன்று விநாடியில் கொக்கு தானே சுட்டுவிடும். சுடுவதற்கு அதற்கு யாரும் தேவையில்லை. வேண்டாம் என்று நினைக்கத்தான் ஒரு மனித மூளை வேண்டியிருந்தது. அந்த வேண்டாம் எப்படி இருக்கும் என்று கொக்குக்குக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. பின்னால் எந்தச் சிப்பாய் தொப்பி மாட்டினாலும், அவன் தலைக்குள் நடப்பதை அவளுடைய வேண்டாமோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கொக்கு நிற்கும்.

வெறும் சொல்லை நினைத்தால் கொக்குக்கு உறைக்கவில்லை. மனம் துணுக்குற வேண்டும். அவள் பழைய இஸ்திரிப் பெட்டி ஞாபகம் ஒன்றை எடுத்துக்கொண்டாள். மகளுக்கு அப்போது இரண்டு வயது. மேசைமேல் கொதித்துக்கொண்டிருந்த பெட்டியின் ஒயரைப் பிடித்து இழுக்கக் கை நீட்டுகிறாள். அவ்வளவுதான். விளக்கு எரிந்ததும் அவள் அந்தக் கையை நினைப்பாள், கொக்கு நின்றுவிடும். ஒரு நாளைக்கு இருநூறு தடவை. ஒரு வருடத்தில் அந்த ஞாபகம் பழந்துணி போல நைந்துவிட்டது. மகளின் முகம்கூடச் சரியாக வரவில்லை. ஆனாலும் கொக்கு நின்றது. தன்னிடம் ஏதோ திறமை இருப்பதாக அவள் நினைத்துக்கொண்டாள். முதல் பன்னிரண்டு கொக்குகள் லாரி ஏறிப் போயின. அடுத்த நாற்பது கூடத்தில் வரிசையாக நின்றன. வெள்ளிக்கிழமை படை அதிகாரி வந்து ஏற்றுக்கொள்வதாக ஏற்பாடு.

திங்கட்கிழமை பல்வலி என்று டாக்டரிடம் போனாள்.

"கடைவாய்ப் பல்லு நாலும் தேஞ்சு மொட்டையா இருக்கே. பல்லை நறநறன்னு கடிப்பீங்களா?"

"இல்லியே டாக்டர்."

"கோவம் அதிகமோ?"

"வீட்டுக்காரரைக் கேட்டா ஆமாம்பாரு."

டாக்டர் சிரித்தபடி அவள் தாடையில் இரண்டு விரலை வைத்தார். "பயமா ஏதாவது நினைங்க, பாப்போம்."

தொழில் பழக்கம். அவள் இஸ்திரிப் பெட்டியை நினைத்தாள்.

"இதோ. கல்லு மாதிரி இறுகுது பாருங்க."

திரும்பும்போது பேருந்தில் உட்கார முடியவில்லை. இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தாள். நடந்துகொண்டே தாடையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எதிரே வந்த பெண்மணி ஒதுங்கிப் போனாள். வீட்டில் துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தாள்.

"விட்டுரு, அடுப்பு தேஞ்சுறப் போவுது" என்றார் கணவர்.

"ஏம்மா, உக்காரேன்" என்றாள் மகள். அவளுக்கு இப்போது பத்தொன்பது வயது. அம்மா அவள் கையையே உற்றுப் பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் கொக்கின் கழுத்து ஓரிடத்தில் நிற்கவில்லை. ஜன்னல், விளக்கு, கதவு என்று அலைந்தது. அவள் தலைமுடியைப் பிரித்துக் களிம்பு தடவித் தொப்பி மாட்டுகிறவனுக்குப் பசை என்று பெயர். "என்னக்கா, கொக்கு கொசு புடிக்குதா?" என்றான்.

"பொம்மையை நிறுத்துடா."

பொம்மை எழுந்தது. விளக்கு எரிந்தது. அவள் வாயைத் திறந்துவைத்துக்கொண்டு இஸ்திரிப் பெட்டியை நினைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. பொம்மையின் நெஞ்சில் சோதனைக் குண்டின் சிவப்புச் சாயம் வழிந்தது.

"கவனம் எங்கியோ இருக்குக்கா."

"இன்னொண்ணு."

ஒன்பது பொம்மைகள் சிவந்தன. பத்தாவதுக்கு எதையுமே நினைக்காமல் பல்லை மட்டும் கடித்தாள். கொக்கு நின்றது. பசை களிம்புக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

பொறியாளர் கெட்ட மனிதர் அல்ல. எல்லாவற்றையும் கேட்டார். "தாடைத் துடிப்பும் தொப்பில பதியும்தான், அதை வடிகட்டிட்டோம்மா. அதுக்குன்னே ஒண்ணு வச்சிருக்கு" என்றார்.

"வடிகட்டி ஓடுதான்னு யாராவது பாத்தீங்களா சார்?"

அவர் திரையைப் பார்த்தார். வடிகட்டி ஓடவில்லை. "வெள்ளிக்கிழமை முடியட்டும். அப்புறமா சரி பண்ணிக்கலாம். எப்படியும் நிக்குதுல்ல?"

"நான் கடிச்சா நிக்குது. போட்டுக்கப் போறவன் கடிப்பானா?"

"நீ இதை இப்பச் சொன்னா முதல்ல உன்னைத்தான் வீட்டுக்கு அனுப்புவாங்க. யோசிச்சுக்கோ."

அதன் பிறகு வெள்ளிக்கிழமை வரை அவளுக்கு எங்கேயும் இருப்புக்கொள்ளவில்லை. சாப்பிடும்போது எழுந்தாள். குளிக்கப் போய்த் துண்டோடு திரும்பி வந்தாள். கணவரிடம் சொன்னாள். வண்டி ஓட்டுகிறவருக்கு நிற்பதைப் பற்றிச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. "பிரேக் இல்லாத வண்டியை நான் டிப்போவ விட்டு எடுக்க மாட்டேன். ஆனா எடுக்க மாட்டேன்னு சொன்னவன் ரெண்டு பேரு இப்ப வேலை போய் வீட்ல இருக்கான்" என்றார். பிறகு, "உன் இஷ்டம்" என்றார்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். சின்ன உருவம், சுத்தமான நகம். அவருக்கு நாற்காலி போட்டார்கள். பொம்மை எழுந்தது. குழந்தை அளவுப் பொம்மை. நிற்பதைக் காட்டுவதற்கு அதைத்தான் வைப்பார்கள். விளக்கு எரிந்தது. பொறியாளர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் வாயைத் திறந்தாள்.

சாயம் பொம்மையின் முகத்தில் அடித்தது.

"மறுபடி" என்றார் அதிகாரி.

பல்லைக் கடித்தாள். நின்றது. மறுபடி வாயைத் திறந்தாள். சிவந்தது. பிறகு அவளே சொன்னாள். பல் டாக்டரில் தொடங்கி ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்லக் கொக்கின் கழுத்தும் கூடவே இப்படியும் அப்படியும் ஆடியது. பசை எட்டி, சுடும் விசையை அணைத்தான்.

அதிகாரி யோசித்தார். "இவ்வளவுதானா? பல்லைக் கடிச்சா நிக்கும்னு கையேட்டுல ஒரு வரி சேத்துட்டாப் போச்சு. பசங்க பழகிக்குவாங்க."

பொறியாளரின் முகத்தில் உயிர் வந்தது. "சேத்துடலாம் சார்."

"சார்" என்றாள் அவள். "எதிர்ல ஒரு குழந்தை வந்து நின்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்ணுவேன்?"

"வேண்டாம்னு கத்துவீங்க. கத்துறவன் வாயைத் திறப்பான் சார்."

அதிகாரியின் வாய் லேசாகத் திறந்து மூடியது. சோதித்துப் பார்க்கிறார் போலிருந்தது. பிறகு ஏற்புத்தாளில் குறுக்கே ஒரு கோடு இழுத்துப் பேனாவை மூடினார். நாற்பதும் முதலிலிருந்து கற்க வேண்டும் என்றார். வாயில் பஞ்சு வைத்து, திறந்த வாயோடு. கற்றுக்கொடுப்பது இவளேதான், பிழை தெரிந்த ஒரே ஆளை அனுப்பிவிட்டு என்ன செய்வது?

அதிகாரி படி இறங்கினார். பசை தொப்பியைக் கழற்ற வந்தான். அவள் அவன் கையைத் தடுத்தாள்.

"சார், முன்னாடி போன பன்னெண்டு?"

பொறியாளர் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "அது நம்ம கையை விட்டுப் போனது. எழுதிக் கேக்கலாம். எங்க இருக்கோ, யாரு போட்டுக்கிட்டிருக்கானோ. நீ அதைப் பத்தி நினைக்காதம்மா."

"நினைக்கிறதுதானே சார் எனக்கு வேலை."

அவர் அடுத்த கம்பியைச் சுருட்டினார். அவள் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். திங்கட்கிழமையிலிருந்து இப்போதுதான் அப்படி உட்காருகிறாள். கொக்கு மட்டும் மெல்ல நகர்ந்தது. பொம்மையைத் தாண்டி, ஜன்னலைத் தாண்டி, லாரிகள் வந்து ஏற்றிப் போகும் பெரிய கதவுக்கு நேராக வந்து நின்றது.

"அக்கா," என்றான் பசை, "அது வெளிய பாக்குது."